கோவையிலிருந்து சென்னைக்குக் குடிபெயரும்போது 1976 பிரீமியர் பத்மினியை என்ன செய்வது?

கேள்வியின் சுருக்கம் இது. வேலை மாற்றத்தால் கோவையை விட்டுச் சென்னை போகிறீர்கள். அப்பா வாங்கிய 1976 மாடல் பத்மினி ஓடும் நிலையில் இருக்கிறது. கூடவே கொண்டுபோகலாமா? ஓட்டிப் போவதா, லாரியில் ஏற்றுவதா? அங்கே எங்கே நிறுத்துவது, யாரிடம் வேலைக்கு விடுவது? ஐம்பது வயது நெருங்குவதால் ‘வின்டேஜ்’ பதிவுக்கு மாற்ற வேண்டுமா?

தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆனால் வீட்டுச் சாமான் போகும் வாரத்திலேயே வண்டியும் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். கோவையில் காகித வேலையும் பட்டறை வேலையும் முதலில் முடியட்டும். அதற்குப் பிறகு சென்னையில் கூரையுள்ள, தண்ணீர் ஏறாத ஓர் இடம் உறுதியாகட்டும். வண்டி கடைசியில் போகட்டும். பழைய வண்டிகள் ஊர் மாறும்போது கெட்டுப்போவது பெரும்பாலும் பயணத்தில் இல்லை. போய்ச் சேர்ந்த முதல் ஆறு மாதத்தில், தெருவோரத்தில் பிளாஸ்டிக் கவர் போட்டு நிற்கும்போதுதான்.

கோவையை விடும் முன் காகிதம்

முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

வண்டி ‘வாகன்’ என்ற அரசு வாகனப் பதிவுத் தளத்தில் ஏறியிருக்கிறதா? 1989க்கு முந்தைய மூன்றெழுத்து எண் கொண்ட வண்டிகள் பல இன்னும் பழைய புத்தகத்தில் மட்டுமே இருக்கின்றன. கணினியில் இல்லாத வண்டிக்கு ஆன்லைனில் முகவரி மாற்றம், புதுப்பிப்பு எதுவும் நகராது. ஃபாஸ்டேக் எடுப்பதும் சிக்கலாகும். பழைய பதிவைக் கணினியில் ஏற்ற வேண்டியது அந்தப் பதிவேடு இருக்கும் அலுவலகம். அதனால் இதைக் கோவையிலேயே முடித்துவிட வேண்டும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு கோவைப் பதிவேட்டைத் தேட வைப்பது மாதக்கணக்கில் இழுக்கும்.

அடுத்தது, கடன் பதிவு. அந்தக் காலத்தில் ஃபைனான்ஸில் எடுத்த வண்டி என்றால் கடன் தீர்ந்து நாற்பது வருடம் ஆகியிருந்தாலும் ஆர்.சி.யில் அந்த நிறுவனத்தின் பெயர் நீங்காமல் இருக்கும். படிவம் 35இல் அந்த நிறுவனம் கையெழுத்திட வேண்டும். நிறுவனமே இன்று இல்லையென்றால் என்ன ஆவணம் ஏற்பார்கள் என்பதை அலுவலகத்தில் நேரில் கேட்டு எழுத்தில் நகர்த்துங்கள். வண்டி இன்னும் அப்பா பெயரில் இருந்தால் பெயர் மாற்றத்தையும் இதே சுற்றில் முடித்துவிடுவது நல்லது.

மூன்றாவது, இன்ஜின் எண். பத்மினிகளில் பாதி வழியில் இன்ஜின் மாற்றியவை ஏராளம். பிளாக்கில் உள்ள எண்ணும் ஆர்.சி. எண்ணும் ஒன்றுதானா என்று துடைத்துப் பாருங்கள். சேசிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். எழுத்துகள் துருவில் மங்கியிருந்தால் மணல் தாளால் தேய்க்காதீர்கள். துரு நீக்கியும் மென்மையான பிரஷ்ஷும் போதும். தேய்த்த தழும்பு தெரிந்தால் எண்ணைத் திருத்தியதாக ஆய்வாளர் சந்தேகப்படுவார், அதற்குப் பதில் சொல்லி மாளாது.

பதிவுப் புதுப்பிப்பு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. 2025 ஆகஸ்ட் முதல், மத்திய விதிப்படி இருபது வயது தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். உங்கள் காலாவதித் தேதி அடுத்த ஒரு வருடத்துக்குள் வருகிறது என்றால் கோவையிலேயே முடிக்கப் பாருங்கள். வண்டியை நேரில் காட்ட வேண்டும். பிரேக், விளக்கு, ஹேண்ட் பிரேக் எல்லாம் தெரிந்த மெக்கானிக் கையில் இருக்கும்போது காட்டுவது சுலபம். தேதி தாண்டினால் மாதத்துக்கு 500 ரூபாய் அபராதம் சேரும். புகைச் சான்றுக்கு 2000 மார்ச்சுக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கான வரம்பு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். ஒழுங்காக ட்யூன் செய்த பத்மினி இதைத் தாண்டாது. தாண்டினால் ஏர் ஃபில்டர், சோக் முழுதாகத் திறக்கிறதா, ஃப்ளோட் மட்டம் என்ற வரிசையில் பாருங்கள்.

சென்னை போனபின் முப்பது நாளுக்குள் படிவம் 33இல் முகவரி மாற்றம். ஒரே மாநிலம் என்பதால் எண் மாறாது. அது பெரிய நிம்மதி. இதைப் படிப்பவர்களில் பெங்களூருவுக்கோ கொச்சிக்கோ போகிறவர்கள் இருந்தால் கதை வேறு: படிவம் 28இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே வண்டி இருந்தால் புது எண் எடுக்க வேண்டும், அந்த மாநில வரி கட்ட வேண்டும், பழைய மூன்றெழுத்து எண் போய்விடும். அந்த எண்ணுக்காகவே வண்டியைத் தமிழ்நாட்டில் உறவினர் வீட்டில் விட்டுச் செல்கிறவர்கள் உண்டு. அது தவறான முடிவு என்று சொல்ல மாட்டேன்.

வின்டேஜ் பதிவு விஷயம். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் விற்பனையிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்கு அந்தப் பதிவு கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு ஆகியவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். வழக்கமான ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மாமல்லபுரம் போக நினைக்கிற உங்களுக்கு இது பொருந்தாது. சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

காப்பீட்டில் இரண்டு வேலை. முகவரி மாற்றத்தைப் பாலிசியிலும் பதியுங்கள். தனியார் கார்களுக்குச் சென்னை ‘ஏ’ மண்டலம், கோவை ‘பி’ மண்டலம் என்பதால் பிரீமியத்தில் வித்தியாசம் வரும். ஐந்து வயது தாண்டிய வண்டிக்கு மதிப்பு என்பது நீங்களும் நிறுவனமும் பேசி ஒப்புக்கொள்வது. பேசாமல் விட்டால் பழைய இரும்பு விலைக்கு எழுதிவிடுவார்கள். உரிமம் பெற்ற சர்வேயரிடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்கி, படங்களோடு கொடுத்து மதிப்பை எழுத வையுங்கள்.

கோவையிலேயே முடிக்க வேண்டிய பட்டறை வேலை

லேத், ஃபவுண்டரி, மோட்டார் பட்டறை என்று கோவையில் கிடைக்கும் கைத்திறன் வேறு ஊரில் சுலபமாக அமையாது. கிடைக்காத புஷ்ஷை (தண்டைத் தாங்கும் வளையம்) கடைந்து கொடுப்பார்கள். தண்ணீர் பம்ப் தண்டைப் புதிதாகச் செய்து கொடுப்பார்கள். அதனால் ஹேண்ட் கியர் (ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர்) லிங்கேஜ் புஷ்கள், வாட்டர் பம்ப், ஸ்டார்ட்டர் புஷ், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் ஆட்டம் ஆகியவற்றை ஊரை விடும் முன் பார்த்துவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து அசைவு தெரிந்தால், பாயிண்ட் (அதற்குள் மின்சாரத்தை வெட்டி விடும் தொடுமுனை) இடைவெளியை எத்தனை முறை வைத்தாலும் நிற்காது. அடிக்கடி ட்யூனிங் கலைகிறது என்ற புகாருக்குப் பல வண்டிகளில் காரணம் அந்தத் தேய்ந்த புஷ்தான்.

பிரேக் முழுவதையும் திறந்து பார்த்துவிடுவது கட்டாயம். பத்மினியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம், ஒரே ஹைட்ராலிக் சுற்று. ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் கப் கிழிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். கோவைச் சாலையில் ஹேண்ட் பிரேக்கை வைத்துத் தப்பிக்கலாம், கத்திப்பாராவில் முடியாது. மாஸ்டர் சிலிண்டர் கிட், எல்லா வீல் சிலிண்டர் கப், மூன்று ரப்பர் ஹோஸ், புது டாட் 3 ஆயில் என்று ஒரே தடவையில் மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கோவையில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியதைச் சென்னையில் வருடா வருடம் மாற்றுங்கள்.

கடைசியாகத் துரு வேலை. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். பத்மினி தனிச் சேசிஸ் இல்லாத வண்டி, பாடியேதான் சேசிஸ். கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் ரன்னிங் போர்டு பெட்டியும் தரைத்தகடும் அரித்தால் அழகு மட்டும் போகாது, வண்டியின் முதுகெலும்பே போகும். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி ரன்னிங் போர்டு, கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், பேட்டரிக்கு அடித்தட்டு ஆகிய இடங்களில் நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை மூடிய பட்டிப் பூச்சு இருக்கிறது. அந்த இடங்களை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். மேலே இன்னொரு பேட்ச் ஒட்டினால் இடையில் ஈரம் நின்று உள்ளிருந்து தின்னும்.

அதற்குப் பிறகு வண்டியைக் கோவை வெயிலில் இரண்டு வாரம் கால்மிதி மேட்டையும் அடியில் உள்ள சணல் விரிப்பையும் கழற்றிக் காய விடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் ரன்னிங் போர்டு, கதவு, தூண் ஆகியவற்றின் உட்புறத்தில் நீளக் குழாய் வைத்த கன்னால் கேவிட்டி மெழுகு அடியுங்கள். இந்த அளவு வண்டிக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர் பிடிக்கும். அடித்து முடித்ததும் அடியில் உள்ள நீர்வடி துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள், மெழுகு அடைத்துக்கொள்ளும். அடிப்பாகத்துக்குக் கடைகளில் ‘ரப்பர் கோட்டிங்’ அடிக்கச் சொல்வார்கள். புதுக் காருக்கு அது சரி. ஏற்கெனவே துரு தொட்ட பழைய தகட்டின் மேல் அடித்தால், விளிம்பில் சிறு வெடிப்பு விழுந்ததும் தண்ணீர் உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாமல் நிற்கும். வெளியே கறுப்பாகப் பளபளக்கும், உள்ளே தகடு செதில் செதிலாக உதிரும். மெழுகோ லானோலின் அடிப்படையிலான எண்ணெய்ப் பூச்சோதான் பழைய வண்டிக்கு ஏற்றது. வருடம் ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சென்னையில் வீடு பார்க்கும்போது

வண்டிக்கு இடம் பெரிய விஷயமில்லை. நீளம் சுமார் 3.9 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டருக்குள். எந்த அடுக்குமாடி பார்க்கிங்கிலும் அடங்கும். பார்க்க வேண்டியது உயரமும் கடலும்.

பேஸ்மென்ட் பார்க்கிங் வேண்டாம். 2015 டிசம்பரிலும், மிச்சாங் புயல் வந்த 2023 டிசம்பர் முதல் வாரத்திலும் பேஸ்மென்ட்களில் நின்ற வண்டிகள் கூரை வரை மூழ்கின. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தரைத்தளமும் நம்பகமில்லை. மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிட்டு வருகிறார்கள் என்பதே போதுமான தகவல். வீட்டுத் தரகரிடம் கேட்காதீர்கள். அந்தத் தெருவில் அயர்ன் கடை வைத்திருப்பவரிடமும் வாட்ச்மேனிடமும் “2023இல் தண்ணீர் எது வரை வந்தது?” என்று கேளுங்கள். சுவரில் கோடு காட்டுவார்கள்.

கடற்கரைக்கு அருகே, அதாவது பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை, ஈ.சி.ஆர். பக்கம் வீடு என்றால் காற்றில் உப்பு அதிகம். உப்பு ஏன் இவ்வளவு கெடுதல் என்றால், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டும்போது சாதாரண உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடுகிறது. சென்னையில் இரவில் ஈரப்பதம் இந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். மழையே பெய்யாத மாதத்திலும் உப்புத் தூசி படிந்த தகடு ராத்திரி முழுக்க நனைந்தே கிடக்கிறது. கடலிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே போனாலே நல்ல வித்தியாசம் தெரியும். கடலோர வீடுதான் அமைகிறது என்றால், வண்டியை மட்டும் மேற்கே ஒரு கூரையுள்ள இடத்தில் வாடகைக்கு நிறுத்துங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், முக்கியமாக அடிப்பாகத்தை. நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பல அடுக்குமாடிகளில் போர் தண்ணீர் உப்பு. சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கும், வாங்கி அளந்து பாருங்கள். ஆர்.ஓ. கழிவு நீரைச் சேமித்துக் கார் கழுவும் பழக்கம் சென்னையில் நிறைய வீடுகளில் உண்டு. அந்தத் தண்ணீரில் உப்பு போர் தண்ணீரைவிடவும் அடர்ந்திருக்கும். பழைய வண்டிக்கு அது ஆகவே ஆகாது.

கவர் போடுவதானால் காற்றுப் புகும் துணிக் கவர் மட்டும். பிளாஸ்டிக் பூசிய நீர்புகாக் கவருக்குள் பகலில் ஆவியாகும் ஈரம் இரவில் தகட்டின் மேலேயே பனியாக இறங்கும். பெயின்ட் கொப்புளம் விடும், ரெக்சின் சீட்டில் பூஞ்சை பூக்கும். நல்ல கூரை இருந்தால் கவரே தேவையில்லை.

கொண்டுபோகும் வழி

காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, ஏப்ரலுக்குப் பிறகு வெயில்.

ஓட்டிப் போவதானால் சுமார் 500 கிலோமீட்டர். சேலத்திலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர் வழி வேண்டாம். தொப்பூர் ஏற்றத்தில் நாற்பது குதிரைத்திறனை ஒட்டிய இன்ஜின் இரண்டாவது கியரில் கொதிக்கும், சுற்றிலும் கனரக லாரிகள். சேலம், ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் வழி பெரிய ஏற்றமில்லாதது. 60 முதல் 70 கிலோமீட்டர் வேகம், நூறு கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். ஃபேன் பெல்ட், பாயிண்ட் செட், கண்டென்சர், ரோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரேடியேட்டர் ஹோஸ் இரண்டும் கிளிப்புகளும், ஏ.சி. பம்ப் (இன்ஜினோடு ஓடும் பெட்ரோல் பம்ப்) கிட், ஃபியூஸ், அரை லிட்டர் பிரேக் ஆயில், ஐந்து லிட்டர் கூலன்ட், இழுவைக் கயிறு ஆகியவை டிக்கியில் இருக்கட்டும். கண்டென்சர் புதியது என்பதற்காக நம்பாதீர்கள். இப்போது விற்பவற்றில் பல நூறு கிலோமீட்டரில் போய்விடும். ஓடி நிரூபித்த பழைய ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் குறிக்கும். ஆறேழு வருடம் தாண்டியது என்றால் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் நெடுஞ்சாலைக்கு எடுக்காதீர்கள். அசல் அளவு 5.20-14. விட்டத்தில் அதற்கு நெருங்கி வருவது 155/80 ஆர்14, ஏறக்குறைய 604 மில்லிமீட்டர். பழைய கிராஸ் பிளை டயரையும் ரேடியலையும் ஒரே வண்டியில் கலக்கக் கூடாது.

லாரியில் ஏற்றுவதானால் ஒற்றை வண்டி ஏற்றும் ஃப்ளாட்பெட் எடுங்கள். பல வண்டி ஏற்றும் கன்டெய்னரில் யார் ஏற்றுவார், யார் இறக்குவார் என்று தெரியாது. ஹேண்ட் கியர் தொட்டே பார்க்காத இளைஞர் சிங்க்ரோ இல்லாத முதல் கியரை வண்டி உருளும்போது போட முயன்று பல்லைச் சிதைப்பார். பெல்ட்டைச் சக்கரத்தின் மேல் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். பம்பரிலோ முன் சஸ்பென்ஷன் கையிலோ கட்ட விடாதீர்கள். பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே, பேட்டரி முனை கழற்றி, வீல் கப், பேட்ஜ், கண்ணாடி உங்கள் கையில். ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் அடிப்பாகம் உட்படப் படம் எடுங்கள். டிரான்ஸிட் காப்பீடு தனியாக, எழுதி ஒப்புக்கொண்ட மதிப்புக்கு.

பிரேக், கூலிங் இரண்டும் புதிதாகச் செய்திருந்தால் என் பரிந்துரை ஓட்டிப் போவதுதான். கோவையில் செய்த வேலையில் இருக்கும் குறை 500 கிலோமீட்டரில் வெளியே வந்துவிடும், அதுவும் பகலில், உங்கள் கண் முன்னால்.

சென்னை நெரிசலும் இன்றைய பெட்ரோலும்

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிக்கு இதில் இரண்டு பிரச்சினை.

ஒன்று ரப்பர். 1976இன் பெட்ரோல் ஹோஸ், ஏ.சி. பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்கள் எத்தனாலில் ஊதி மெத்தென்று ஆகி, பிறகு வெடிக்கும். ஹோஸை எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டதாகப் பார்த்து மாற்றுங்கள். டயாஃப்ரம் எத்தனால் தாங்கும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயில் சம்ப்பில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறி, முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஆயிலை வடித்துவிட்டுப் பம்ப்பைக் கழற்றுங்கள்.

இரண்டாவது, காற்றோடு சேரும் கலவையில் எரிபொருள் போதாமல் போவது. சுத்தப் பெட்ரோல் எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு 13.5 அளவுதான். அதாவது அதே காற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது சதவீதம் கூடுதல் எரிபொருள் போக வேண்டும். கார்புரேட்டருக்கு இது தானாகத் தெரியாது. ஜெட்டின் (பெட்ரோல் வரும் துளை) விட்டத்தை நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல் கூட்டினால் பரப்பு ஒன்பது சதவீதத்தை நெருங்கிக் கூடும்: 120 ஜெட் என்றால் 125. மாற்றும் முன் சோதித்துப் பாருங்கள். சீரான வேகத்தில் போகும்போது சோக்கைச் சிறிது இழுத்தால் வண்டி இன்னும் மிருதுவாக ஓடுகிறதா, பிளக் பீங்கான் வெள்ளையாக இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஜெட்டை மாற்றலாம். பீங்கான் இளம் பழுப்பாக இருந்தால் கை வைக்காதீர்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் அரை டேங்கில் நிறுத்தினால் டேங்கின் மேற்பகுதி உள்ளே துருப்பிடிக்கும். நிறுத்தினால் நிரப்பி நிறுத்துங்கள். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

சூடு விஷயத்தில், ஓ.எம்.ஆர். சிக்னலில் ஃபேன் மெதுவாகச் சுற்றும்போதுதான் ஊசி ஏறும். முதலில் ரேடியேட்டரைக் கழற்றி ராடிங் (குழாய்களில் கம்பி விட்டு அடைப்பு நீக்குவது) செய்யுங்கள். இன்ஜின் ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு. இரண்டு உலோகம் சேருமிடத்தில் வெறும் தண்ணீர், அதிலும் உப்புத் தண்ணீர் ஓடினால் ஹெட்டில் நீர்வழிகள் அரித்துக் கேஸ்கட் ஊதும். போர் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றாதீர்கள். கலந்தே வரும் கூலன்ட், அல்லது கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும்.

துணை எலக்ட்ரிக் ஃபேன் வைப்பதானால் முதலில் கணக்குப் போடுங்கள். ஹெட்லைட் இரண்டு 45 வாட் என்றால் 7.5 ஆம்பியர், இக்னிஷன் மூன்று நான்கு, வைப்பர் இரண்டு மூன்று, ஃபேன் எட்டு முதல் பத்து. கூட்டினால் இருபதைத் தாண்டுகிறது. அந்தக் கால டைனமோ முழு வேகத்திலேயே இருபது சொச்சம்தான் தரும், ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றும் தராது. ஃபேன் சுற்ற வேண்டியது ஐட்லிங்கில்தான். எனவே ஆல்டர்னேட்டருக்கு மாற்றாமல் ஃபேன் வைத்தால் மழை நாளில் மாலை நெரிசலில் பேட்டரி இறங்கி நின்றுவிடும். ஃபேனுக்குத் தனி ரிலேயும் தனி ஃபியூஸும் போடுங்கள். கழற்றிய டைனமோவையும் அதன் கட்-அவுட் பெட்டியையும் எறிந்துவிடாமல் எடுத்து வையுங்கள்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது நன்மை செய்யாது. ஆயில் சூடாகும் முன் நிறுத்தினால், எரிதலில் உண்டான நீராவி ஆயிலோடு கலந்து தங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருபத்தைந்து நிமிடமாவது ஓட்டுங்கள்.

பாகமும் மெக்கானிக்கும்

சென்னையில் பழைய வண்டிக்குப் பெரிய சாதகம் ஒன்று உண்டு. லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா மூன்றும் பாடியில் பிறந்த நிறுவனங்கள். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் தயாரானது பெருங்களத்தூர் வட்டாரத்தில். அதனால் மின்சாரம், பிரேக் ஆகியவற்றில் கை தேர்ந்த பழைய தொழிலாளர்கள் அம்பத்தூர், பாடி பக்கம் இன்றும் தனிப் பட்டறை வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட்டர், டைனமோ வைண்டிங்குக்கு அங்கே போங்கள். புதுச் சாமானுக்கு ஜி.பி. ரோடு. கழற்றிய சாமானுக்குப் புதுப்பேட்டை. கண்ணாடி, கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம் போன்றவற்றுக்கு அது நல்ல இடம். போகும்போது பழைய பாகத்தைக் கையில் எடுத்துப் போங்கள், பெயர் சொல்லிக் கேட்டால் வேறு மாடலுடையதைக் கொடுத்துவிடுவார்கள். ஒன்றில் மட்டும் உஷார்: ‘கம்பெனி பெட்டி பிரிக்காத அசல்’ என்று தரும் பழைய கப், டயாஃப்ரம், ஆயில் சீல் வேண்டாம். இரும்பும் பித்தளையும் பெட்டிக்குள் கெடாது. முப்பது வருட ரப்பர் பிரிக்காமலே கெட்டிருக்கும். சென்னையில் கிடைக்காததற்கு மும்பை. 2023 அக்டோபரில் கடைசிப் பத்மினி டாக்சி ஓய்வு பெற்றபின் அங்கே கழற்றிய பாகங்கள் நிறைய இருக்கின்றன.

மெக்கானிக்கைத் தேர்ந்தெடுக்கப் பெரிய வேலையை முதலில் கொடுக்காதீர்கள். பாயிண்ட் வைத்து, டைமிங் பார்த்து, ஐட்லிங் ட்யூன் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். ஃபீலர் கேஜ் எடுக்கிறாரா, கண்ணளவில் வைக்கிறாரா? டிஸ்ட்ரிபியூட்டர் எந்த மேக் என்று பார்த்து அதற்கேற்ற இடைவெளி வைக்கிறாரா? தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்கிறாரா? எறியச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் வெகுநேரம் குளிர்ந்தே ஓடி, சிலிண்டர் சீக்கிரம் தேயும். நெரிசல் சூட்டுக்கும் அது மருந்தாகாது.

ஆளைத் தேட எளிய வழி மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப், ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா போன்ற சங்கங்களின் கண்காட்சிகளுக்குப் போவது. பேரணியில் பெரிய அமெரிக்க வண்டிகளைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். நீங்கள் ஓரத்தில் நிற்கும் பத்மினி, அம்பாசிடர், ஹெரால்டுகாரர்களிடம் போங்கள். தினமும் எடுக்கிற வண்டியா என்று கேட்டு, ஆமென்றால் பானட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஹோஸ் கிளிப், வயரிங் முடிச்சு, பேட்டரி முனை மூன்றையும் பார்த்தாலே வேலை செய்தவரின் கை தெரியும். பிடித்திருந்தால் அவரின் நம்பரை வாங்குங்கள். இதை வண்டி கோவையில் இருக்கும்போதே செய்யலாம்.